சுட்டுவிரல் இல்லாத கையுறை

சனிக்கிழமை காலை மெல்பேர்னின் புறநகரான ட்ருகனினாவில் அந்த ஷெட்டுக்குள் இருந்தவர்கள்:

ஜெயசிங்கம், ஐம்பத்தெட்டு வயது, மன்னார் ஆள். இடம் அவருடையது. பழைய கார்களின் தேய்ந்துபோன உலோகப் பட்டைகள், கைபிடிகள், பம்பர்கள் எல்லாவற்றையும் கழற்றி மெருகேற்றிக் கொடுப்பது தொழில்.

சிவமணி, நாற்பத்தொன்று. வார நாட்களில் லொறி ஓட்டுகிறவர். சனிக்கிழமை வீட்டில் இருந்தால் மனைவி புல் வெட்டச் சொல்லுவாள் என்பதற்காக இங்கே வந்து நிற்பவர்.

சுஜீதன், முப்பத்திரண்டு. மெருகு போடுகிறவன். அவனுடைய விசாவின்படி அவன் எந்த இடத்திலும் வேலை செய்யக்கூடாது.

பக்கப் பட்டைகள் கழற்றப்பட்ட ஒரு பழைய வேலியன்ட் கார்.

பெயர் எழுதாத ஒரு போத்தல்.

போத்தலைக் கொண்டுவந்தது சிவமணி. இரண்டு லீற்றர் ஒரேஞ் ஜூஸ் போத்தல். லேபல் உரிக்கப்பட்டிருந்தது. வேலியன்டின் அலுமினியப் பட்டைகள் மேசையில் நீளமாகக் கிடந்தன. ஐம்பது வருட வெயிலில் அவை வெள்ளை பூத்து, சொறி பிடித்த தோல்போல இருந்தன. அந்த வெள்ளையைத் தேய்க்கும் தாளால் எடுப்பதென்றால் இரண்டு நாள் வேலை.

"இதைப் பூசிப் பார். எங்கட டிப்போவில ட்ரெயிலர் கழுவிற தண்ணி. வெள்ளை எல்லாம் தன்பாட்டில கழண்டு வரும்," என்றார் சிவமணி.

ஜெயசிங்கம் மூடியைத் திறந்து தூரத்தில் பிடித்து மணந்து பார்த்தார். "அசிட்டோ?"

"லேசான அசிட் அண்ணை. எங்கட பெடியள் இதில முகம் மட்டும்தான் கழுவேல்லை."

சுஜீதன் அதற்குள் புதுக் கையுறையை எடுத்து, வலது கையின் சுட்டுவிரல் நுனியைக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு நாளும் அவன் வேலை தொடங்குவது அப்படித்தான். பட்டையில் இருக்கும் சின்னப் பள்ளங்கள் கண்ணுக்குத் தெரியாது. மெருகு ஏறிய பிறகுதான் தெரியும், அப்போது ஒன்றும் செய்யமுடியாது. வெறும் விரலை மெதுவாக ஓட்டினால் முன்னரே பிடித்துவிடலாம். ரப்பருக்குள் இருக்கும் விரல் குருடு. இந்த வேலையில் அவனைப்போல ஒருவனை மெல்பேர்ன் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது என்று ஜெயசிங்கம் வாடிக்கையாளர்களிடம் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது அவன் பெயரைச் சொல்வதில்லை.

ஒன்பது மணிக்குத் தொடங்கினான். தூரிகையால் பூசினான். பட்டை சீறி நுரைத்தது. தண்ணீர் விட்டான், வெள்ளை வழுகிப் போனது. விரலை ஓட்டிப் பார்த்தான். ஒரு பள்ளம். இன்னொரு தடவை பூசினான், ஓட்டினான். இப்படி ஆறு பட்டை, அரை மணித்தியாலம். விரல் ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். எரிச்சல் இல்லை. எரிந்திருந்தால் கையை இழுத்திருப்பான்.

பதினொன்றரைக்கு நகத்துக்கு அடியில் ஏதோ குறுகுறுத்தது. கையைக் கழுவினான். பன்னிரண்டு மணிக்கு அது நோவாக மாறியது. விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கொப்புளம் இல்லை. காயம் இல்லை. நுனி மட்டும் கொஞ்சம் வெளிறி, நீண்ட நேரம் தண்ணீரில் ஊறியது மாதிரி இருந்தது.

"அசிட் பட்டிட்டுதுபோல அங்கிள்."

ஜெயசிங்கம் கழுவுதொட்டிப் பக்கம் போய் பற்பசையை எடுத்துவந்தார். "இதைத் தடிப்பாப் பூசு. குளிரும்."

எண்ணெய் தெறித்தாலும் கொதிக்கிற கேத்திலில் கை பட்டாலும் அவர்கள் எல்லோர் வீட்டிலும் செய்வது அதுதான். சுஜீதனும் யோசிக்கவில்லை. பூசினான். குளிர்ந்தது.

"பாத்து, விரலுக்குப் பல்லு முளைக்கப்போகுது," என்றார் சிவமணி. மூவரும் சிரித்தார்கள். அந்தக் குளிர்ச்சி பத்து நிமிடம் இருந்தது. அதை நம்பி அவன் இன்னும் ஒரு மணித்தியாலம் வேலை செய்தான்.

ஒரு மணிக்குப் பிறகு அவனால் நிற்க முடியவில்லை. மெருகுச் சக்கரத்தை நிறுத்திவிட்டு ஒரு கதிரையில் உட்கார்ந்தான். இது தோல் எரிகிற நோவு இல்லை. எலும்புக்குள் யாரோ திருகாணி ஏற்றுவது போல, ஒவ்வொரு சுற்றுக்கும் இடைவெளி விட்டு, நிதானமாக. அவன் பற்பசையைத் துடைத்துவிட்டுப் பார்த்தான். விரல் அப்படியே இருந்தது. இவ்வளவு நோவுக்கு வெளியில் ஒரு அடையாளமும் இல்லை என்பதுதான் அவனைப் பயப்படுத்தியது. உடைந்தால் வளைந்திருக்கும், வெட்டினால் இரத்தம் வரும். இது உள்ளே என்ன செய்கிறதென்று யாருக்குத் தெரியும்?

ஆஸ்பத்திரி என்று ஒரு நினைப்பு வந்தது. அங்கே முதலில் பெயரைக் கேட்பார்கள். அடுத்தது, எப்படி நடந்தது என்று கேட்பார்கள். விசா வழக்கு விசாரணைக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. நான்கு வருடமாக அவன் எந்த இடத்திலும் உண்மையான பதில் சொன்னதில்லை. சிவப்பு விளக்கில் பொலிஸ் கார் பக்கத்தில் நின்றால்கூட, பஸ்ஸுக்குள் இருந்தபடியே தலையைக் குனிபவன்.

"அண்ணை, அந்தப் போத்தலுக்குள்ள என்ன?" என்று சிவமணியிடம் கேட்டான்.

"சொன்னனானே. அலுமினியம் கழுவிறது."

"அதின்ர பேர்?"

சிவமணி காதைச் சொறிந்தார். "ட்ரம்மில ஒட்டியிருந்தது. நான் வாசிக்கேல்லை. ஆரும் பாக்க முதல் வெறுங்கையால ஊத்திக்கொண்டு வந்தனான்."

சுஜீதன் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினான். அதைப் பார்த்த பிறகுதான் சிவமணி போனை எடுத்தார். டிப்போவில் சனிக்கிழமையும் வேலை செய்யும் பிரதீப்குமாரைக் கூப்பிட்டு, கழுவும் இடத்தில் இருக்கிற நீல ட்ரம்மைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். ஏன் என்று அவன் கேட்டதற்கு, "சும்மா அனுப்படா," என்றார்.

படம் வந்தது. மண்டையோட்டுக் குறி. கீழே நீளமான ஒரு பெயர். ஹைட்ரோஃப்ளோரிக் அசிட். சிவமணி அதைத் தேடி வாசிக்கத் தொடங்கினார். உதடு அசைந்துகொண்டிருந்தது, பிறகு நின்றது. சுஜீதன் கையை நீட்டினான்.

"தாங்கோ அண்ணை."

"வேண்டாம், நீ பாக்காத."

இடது கையால் பறித்து வாசித்தான். நோவு பல மணித்தியாலம் கழித்தும் தொடங்கலாம். தோல் பழுதில்லாமல் இருப்பதுபோலத் தெரியலாம். உள்ளே எலும்புவரை போகும். இரத்தத்தில் இருக்கிற கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இதயம் நிற்கலாம். கடைசி வரியை இரண்டாம் தரமும் வாசித்தான். அதற்குப் பிறகு தன் இதயம் அடிப்பது அவனுக்குக் கேட்கத் தொடங்கியது. அதுவரை அப்படி ஒன்று இருப்பதை அவன் கவனித்ததே இல்லை.

ஜெயசிங்கம் ஏற்கெனவே எழுந்துவிட்டார். போத்தலின் மூடியை இறுக்கினார். வெட்டிய கையுறைகளைப் பொறுக்கிக் குப்பைப் பையில் போட்டார். பையின் வாயைக் கட்டப் போனார், பாதியில் விட்டார்.

"தம்பி, வீட்டில குசினி யன்னல் கழுவினது எண்டு சொல்லு. இந்த இடத்தின்ர பேரை எடுத்திடாத. எடுத்தா எனக்குப் பூட்டு, உனக்கு ஊருக்குப் பிளேன்."

"எனக்கு ஏதும் நடந்தா அங்கிள்?"

அவர் கட்டாத பையைக் கையில் பிடித்தபடி நின்றார். "எனக்குப் பயமாக் கிடக்குதடா," என்றார் பிறகு. அவர் அவனை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை.

சிவமணி காரை வேகமாக ஓட்டினார். சுஜீதன் வலது கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, இடது கை விரல்களைக் கழுத்தில் வைத்து நாடியை எண்ணினான். எண்ணிக்கை அறுபதைத் தாண்டும்போது பிழைத்தது. திரும்ப ஒன்றிலிருந்து. பண்டகசாலைகள், பிறகு ஒரே மாதிரிக் கூரையுள்ள புது வீடுகள், பிறகு வேலை முடியாத ஒரு ரவுண்டபவுட். சிவமணி முதல் ஐந்து நிமிடம் விடாமல் பேசினார், தன் மைத்துனனுக்குக் கையில் சுடுநீர் பட்டது, ஒரு கிழமையில் சுகமானது, எல்லாம்.

ஆஸ்பத்திரி வளைவில் திரும்பும்போது, "சுஜி," என்றார், ரோட்டைப் பார்த்தபடி. "ட்ரம் கதையைச் சொல்லிப்போடாத. கடையில வாங்கினது எண்டு சொல்லு. எனக்கு ரெண்டு பிள்ளையள்."

குசினி யன்னல். கடையில் வாங்கியது. இரண்டையும் மனதுக்குள் சேர்த்துச் சொல்லிப் பார்த்தான். ஒவ்வொரு தரமும் இடையில் நோவு வந்து வசனத்தை வெட்டியது.

அவசரப் பிரிவில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த தாதிக்கு அவனுடைய வயதுதான் இருக்கும். விரல் இடுக்கில் காய்ந்திருந்த பற்பசையைப் பார்த்துப் புன்னகைத்தாள். என்ன பட்டது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவனுக்கு அந்தப் பெயரைச் சொல்ல வரவில்லை. சிவமணியின் போனை வாங்கி ட்ரம்மின் படத்தைக் காட்டினான்.

அவள் புன்னகை அப்படியே இருந்தது, கண்கள் மட்டும் மாறின. எத்தனை மணிக்குப் பட்டது? ஒன்பது என்றான். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு பத்து. கதிரை பின்னால் போய் மோத எழுந்தாள். உள்ளே யாரையோ கூப்பிட்டாள், ஏதோ ஜெல் என்றாள், இதயம் பார்க்கும் மெஷின் என்றாள். அந்த மண்டபத்தில் மூக்கு உடைந்தவன், காய்ச்சல் குழந்தை, எல்லோரும் காத்துக்கொண்டே இருந்தார்கள். அவனுக்காக மட்டும் ஆட்கள் ஓடினார்கள். அது நல்லதற்கில்லை என்று அவனுக்கு விளங்கியது.

எவ்வளவு நேரம் பட்டது, வேறு எங்கேயும் பட்டதா, வேறு யாரும் அதைத் தொட்டார்களா என்று அவள் கேட்டுக்கொண்டே வெளியே வந்தாள். பிறகு, வேலை செய்யும் இடத்திலா நடந்தது என்று கேட்டாள்.

வசனம் வாயில் தயாராக இருந்தது. நெஞ்சுக்குள் ஒரு அடி தவறியது, அல்லது தவறியதாக அவனுக்குப் பட்டது. இருபது லீற்றர் ட்ரம்மை எந்த வீட்டுச் சமையலறையில் வைத்திருப்பார்கள்? அவள் இன்னொரு கேள்வி கேட்பாள். அதற்கொரு பொய். அந்தப் பொய்க்கும் நேரம் வேண்டும்.

"யெஸ்," என்றான். "அட் வேர்க். அரை மணித்தியாலம் விரல் அதுக்குள்ளதான் இருந்தது. கிளவ்ஸை நான்தான் வெட்டினனான்." பாதி தமிழில் வந்துவிட்டது. அவள் சிவமணியைப் பார்த்தாள். சிவமணி நிலத்தைப் பார்த்தபடி அதை ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. யாரும் தொட்டார்களா என்றதற்கு மட்டும் அவரும் பதில் சொல்லவில்லை.

தாதி தன் அட்டையைச் சுவரிலிருந்த கருவியில் காட்டினாள். கதவு திறந்தது. சுஜீதனின் முழங்கையைப் பிடித்து உள்ளே நடத்தினாள். பின்னால் வந்த சிவமணியைக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். கதவு ஒடுங்கிவரும் இடைவெளியில், சிவமணி தன் வலது கையை மேலே இருந்த ரியூப் லைட்டுக்கு நேரே உயர்த்தி, விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல். அதற்குமேல் தெரியவில்லை. கதவு வந்து பொருந்தியது. அதற்குள்ளே எங்கேயோ பூட்டு விழுந்தது.