முற்றுகை பேசிய குழந்தை

நூலகத்துக்கு மேல்மாடியில் இருந்த அந்த வீட்டில், குழந்தையின் காதில் விழும்படி யாரும் ஊர் மொழியில் பேசக் கூடாது. சங்கத்தின் கட்டளை அது. இடைக்கால மொழிகளையும் இலக்கியங்களையும் ஆராய்கிறவர்களுக்குக் கைகொடுக்கவென்று ஏற்பட்ட சங்கம். அகராதி போட்டார்கள், பழைய நூல்களைப் பதிப்பித்தார்கள், ஆண்டுக்கொரு முறை கூடி ஒருவர் காலை ஒருவர் வாரினார்கள். அதோடு நின்றிருக்கலாம். பல நூறு ஆண்டுகளாக யார் வாயிலும் புழங்காத ஒரு மொழியை ஒரு குழந்தைக்குத் தாய்மொழியாக்கிப் பார்த்தால் என்ன என்று யாருக்கோ தோன்றிவிட்டது. யாருக்கோ என்ன, குழந்தையின் அப்பாவுக்குத்தான். சங்கத்தின் செயலாளர் அவர்.

அவர் மனைவியும் அப்போது தலையாட்டினாள். அகராதிப் பிரிவில் வேலை பார்த்தவள். அந்த மொழியை அவரைவிடச் சரளமாகப் பேசுவாள். ஐந்து வயது வரைக்கும்தானே, அப்புறம் எல்லாப் பிள்ளைகளையும் போல ஊர் மொழியைக் கற்றுக்கொள்ளட்டும் என்று நினைத்தாள்.

பிள்ளை பிறந்த பிறகுதான் சங்கடம் புரிந்தது. அந்த மொழியில் மிஞ்சியிருந்த நூல்களில் ஒரு தாலாட்டுகூட இல்லை. இருந்ததெல்லாம் போர்க்கதை, கோட்டை முற்றுகை, திருடனுக்கு எந்தக் கையை வெட்டுவது என்கிற சட்டம். அவள் தொட்டிலை ஆட்டிக்கொண்டே ஒரு நகரம் எரிந்த கதையைப் பாடினாள். குழந்தைக்கு வாளுக்கு எட்டுப் பெயர் தெரியும், பல் துலக்கும் பிரஷ்ஷுக்குப் பெயர் கிடையாது. அந்த மாதிரிச் சாமான்களுக்குப் பெயர் வைக்க ஒரு குழு இருந்தது. ஃபிரிட்ஜை என்னவென்று அழைப்பது என்று சண்டை போட்டே அது இரண்டாகப் பிளந்தது. சாப்பாடு வேண்டாமென்றால் குழந்தை, "சரணடைய மாட்டேன்" என்பாள். சங்கத்தார் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவளும் சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அக்காவுக்குப் போன் செய்வாள்.

"என்னடி, எப்பப் பாத்தாலும் குளிச்சிட்டே இருக்க?"

"அக்கா, எனக்கு பயமா இருக்குக்கா."

"பயமா இருந்தா பிள்ளையத் தூக்கிட்டுக் கிளம்பி வா. பைத்தியக்காரக் கூட்டம்!"

"ஐஞ்சு வயசாக இன்னும் கொஞ்ச நாள்தான்க்கா."

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சங்கத் தலைவரும் உறுப்பினர் சிலரும் குழந்தையின் பேச்சைக் கேட்க வந்திருந்தார்கள். காலையிலிருந்தே குழந்தைக்கு உடம்பு கொதித்தது. அவள் சமையலறையில் கணவரைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னிக்கு வேணாங்க. அவளுக்கு முடியல."

"அவ்வளவு தூரத்திலேருந்து வந்திருக்காங்க. கொஞ்ச நேரம்தான்."

கூடத்தில் குழந்தையை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே ஒலிப்பதிவுக் கருவியை வைத்தார்கள். தலைவர் ஏதோ கேட்டார். குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். வயிற்று வலிக்கு அந்த மொழியில் சொல் கிடையாது. குத்துக்காயத்துக்கும் வெட்டுக்காயத்துக்கும்தான் உண்டு. குழந்தை கொஞ்சம் யோசித்தாள்.

"மதிலுக்கு உள்ளே எவனோ தீ வைத்துவிட்டான். நான் வாயிலைத் திறக்கவில்லையே. அவன் எப்படி எனக்குள் வந்தான்?"

எந்த நூலிலும் இல்லாத வாக்கியம். தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. கருவியை இன்னும் கொஞ்சம் அருகே நகர்த்தினார்.

அவள் கணவரின் காதோடு சொன்னாள். "வலிக்குதுங்க அவளுக்கு."

"தெரியுது," என்றார் அவரும் மெல்ல. "வலியைச் சொல்ல எப்படிப் புதுசா வாக்கியம் கட்டுறா பாரு. முடிக்கட்டும்."

அவருக்குப் புரியவில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். நன்றாகப் புரிந்திருந்தது.

குழந்தை வாந்தி எடுத்தாள். அவள் பாய்ந்து தூக்கினாள். தலைவர் அந்தப் பழைய மொழியிலேயே, நிதானம் தவறாமல், "மருத்துவர் ஒருவர் நம் சங்கத்தில் உண்டு. அவரை இங்கேயே வரவழைப்போம்" என்றார்.

"அவர் பல் டாக்டர்!" என்று அவள் கத்தினாள், ஊர் மொழியில்.

அந்தக் கூடத்தில் ஊர் மொழி உரக்கக் கேட்டது அதுவே முதல் தடவை. குழந்தை அரை மயக்கத்தில் இருந்தாள். ஆனால் உறுப்பினர்கள் யாரோ செத்துப்போனதைப் போல அவளைப் பார்த்தார்கள். கணவர் ஓடிப்போய் வாசல் கதவை மறித்துக்கொண்டார். கையில் பஞ்சு இருந்தது.

"காதுலயாவது வெச்சுடு," என்று கெஞ்சினார். "ஆஸ்பத்திரியில எல்லாம் காதுல விழுந்துடும். இத்தனை வருஷ உழைப்பு."

"நகருங்க."

அவர் நகரவில்லை. அவள் தோளால் இடித்துக்கொண்டுதான் வெளியே போக வேண்டியிருந்தது.

குடல்வால் வீங்கியிருந்தது. "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வெடிச்சிருக்கும்மா," என்றார் டாக்டர். அறுவை நடந்த அத்தனை நேரமும் அவள் வராந்தாவில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை மட்டும் பிழைத்துவிட்டால் இனி அந்தப் பாழாய்ப்போன மொழியில் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று முடிவு செய்தாள்.

பிள்ளை பிழைத்தாள். மாலையில் கண் விழித்தாள். நர்ஸ் வந்து, "எழுந்துட்டியாடா பட்டு?" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். குழந்தை பயந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

அவள் குனிந்து, இத்தனை வருஷமாகத் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்ததையெல்லாம் கொட்டினாள். "கண்ணு, என் தங்கம், அம்மா இருக்கேன்டா. ஒண்ணுமில்லடா. எல்லாம் சரியாயிடுச்சு."

குழந்தை அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் வாயைப் பார்த்தாள். குழந்தை கேட்டு வளர்ந்த கதைகளிலெல்லாம், புரியாத மொழி பேசுகிறவர்கள் மதிலுக்கு வெளியே ஏணியோடு நிற்கும் எதிரிகள். குழந்தை அம்மாவின் விரலை இறுகப் பிடித்துக்கொண்டு, வெளியே கேட்காதபடி, அந்தப் பழைய மொழியில் கேட்டாள்.

"அம்மா, உன்னையும் பிடித்துவிட்டார்களா?"

அவள் குழந்தையின் தலையைத் தடவினாள்.

"அஞ்சாதே. அப்பா படையோடு வந்து நம்மை மீட்பார்."

அவள் நிமிர்ந்தாள். கதவில் இருந்த கண்ணாடிக்கு அப்பால் கணவர் நின்றிருந்தார். பின்னால் தலைவர், அவருக்குப் பின்னால் மற்றவர்கள். குழந்தையும் பார்த்துவிட்டாள். வெளிறிக் கிடந்த முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

அவள் எழுந்து ஓடிக் கதவில் முதுகைக் கொடுத்து அழுத்திக்கொண்டு நின்றாள். குழந்தை அப்பாவைக் கூப்பிட்டு வீறிட்டாள்.