கொத்தவால்சாவடித் தெருவுக்குப் பொட்டு

ஸ்டூடியோக்காரர் ஜெபக்குமார் போட்டோ பிரேமைத் துடைத்து நீட்டியதும் செவந்திக்குத் திக்கென்றது. உள்ளே இருந்தவர் அவளைப் பெற்ற அய்யாதான். ஆனால் கோட்டும் டையும் போட்டிருந்தார். பின்னால் நீல வானம், பக்கத்தில் ரோஜாச் செடி. ஐம்பத்தேழு வருஷமாக முகமே தெரியாமல் கிடந்த மனுஷனைக் கண்டுபிடித்துக் கொடுத்தால், இந்தப் பாவி மாப்பிள்ளைக் கோலத்தில் நிறுத்தி வைத்திருக்கிறானே!

"தெரு எங்க தம்பி?"

"அதெல்லாம் எடுத்துட்டேம்மா. ஒரே கூட்டமும் குப்பையுமா கெடந்துச்சு. சாமி கும்புடுற படத்துக்கு அது எதுக்கு?"

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. வேட்டி துண்டோடு வாழ்ந்தவர்கூடச் செத்துப் படமாகிச் சுவருக்குப் போகும்போது கோட்டுப் போட்டுத்தான் போவது என்றாகிவிட்டது.

செவந்திக்கு இரண்டு வயதாக இருந்தபோது அய்யா கண்ணுசாமி வல்லத்திராக்கோட்டையிலிருந்து மெட்ராசுக்கு மூட்டை தூக்கப் போனார். அங்கேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. ஆடி அமாவாசைக்கு மணைமேல் மடித்த வேட்டி ஒன்றை வைத்து, அதற்குத்தான் படையல். வேட்டியைக் கும்பிட்டுக் கும்பிட்டே செவந்திக்கு ஐம்பத்தொன்பது வயதாகிவிட்டது. போன மாதம் அவள் மகள் ஹரிணி, செல்போனில் அந்தக்காலத்து மெட்ராஸ் தெருப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த அண்ணன் அடைக்கலம் வெடுக்கென்று போனைப் பிடுங்கினார். கொத்தவால்சாவடி. கைவண்டிகள், வெங்காய மூட்டைகள், கால் வைக்க இடமில்லாத கூட்டம். நடுவில் ஒருவர் தலையில் மூட்டையோடு, வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறார்.

"நம்ம அய்யாடி செவந்தி! பதினோரு வயசு வரைக்கும் பாத்த மொகம், எனக்குத் தெரியாதா?" என்று அறுபத்தெட்டு வயது மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

பட்டணத்தில் பட்டினி கிடந்து, நாதியற்றுத்தான் செத்திருப்பார் என்று ஆத்தா சாகிற வரைக்கும் புலம்பினாள். இல்லை, சிரித்திருக்கிறார். அத்தனை பேருக்கு நடுவில் நின்று சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பைத் தனியாக வெட்டியெடுத்து என்ன செய்வது?

"இந்தக் கோட்டுப் படம் வேணாம் தம்பி. எனக்குத் தெருவோட வேணும்" என்றாள் செவந்தி. ஜெபக்குமார் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி போட்டுக் கொடுத்தார்.

ஆடி அமாவாசை மத்தியானம் தெருவே வந்து சுவரில் ஏறியது. இலை போட்டாயிற்று. செவந்தி கண்ணாடிமேல் அய்யாவின் நெற்றிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பார்த்தால், பக்கத்துக் கைவண்டிக்காரர் வெறும் நெற்றியோடு நிற்கிறார். அவரும் போயிருப்பார், பாவம். யார் வைத்தார்களோ, வைக்கவில்லையோ! அவருக்கும் ஒன்று வைத்தாள். பிறகு டீக்கடைக்காரருக்கு. கீரைக்காரக் கிழவிக்கு.

"போற போக்கப் பாத்தா மெட்ராசுக்கே படையல் போட்டுருவ போல" என்று அடைக்கலம் சிரித்தார்.

படத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் பிள்ளை கொய்யாப்பழத்தைக் கடித்துக்கொண்டு நின்றது. செவந்தியின் விரல் அங்கே போனது.

"ஏய், அதுக்கு வச்சுறாத! அப்ப ஒன் வயசுதான் இருக்கும். இப்பவும் எங்கிட்டாச்சும் நல்லா இருக்கும்."

செவந்தி வெடுக்கென்று விரலை இழுத்துக்கொண்டாள். அப்போதுதான் கவனித்தாள், அய்யா அந்தப் பிள்ளையைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தார். அவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று. விரலிலிருந்து ஒரு சொட்டுச் சந்தனம் கண்ணாடியில் விழுந்து பிள்ளையின் காலடிக்கு வழிந்தது. முந்தானையால் அதைப் பதமாக ஒற்றி எடுத்தாள்.