காரை விட்டு இறங்காத காலை

தவணை கட்டாத வண்டியைத் தூக்க வருகிறவன் எவ்வளவு நல்லவனாகப் பேசினாலும் கதவைத் திறக்கக் கூடாது. காருக்குள்ளேயே நீங்கள் உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது. உள்ளே ஆள் இருக்கிற காரை அவன் கொக்கி போட்டு இழுக்கக் கூடாது. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நான் சட்டத்தை நம்புகிற ஆள் இல்லை. ஆனால் இந்த ஒன்று வேலை செய்கிறது. என் உடம்பை வைத்தே பரீட்சை செய்து பார்த்துவிட்டேன்.

என் மகள் லுவான் எல்க்ஹார்ட்டில் ஓர் ஆலையில் வேலை பார்த்தாள். சக்கரம் வைத்த வீடு கட்டுகிற ஆலை. ஓய்வு பெற்ற கிழவர்கள் குளிர் வந்ததும் ஃப்ளோரிடாவுக்கு இழுத்துக்கொண்டு போவார்களே, அந்த வண்டி. அதற்குத் திரையும் மெத்தை உறையும் தைப்பது இவள் வேலை. எங்கள் ஊரில் பாதிப் பேர் அதைத்தான் கட்டுகிறோம், ஒருவரும் வாங்கியதில்லை. நவம்பரில் ஆலையை மூடினார்கள். லுவான் துணிமணியையும் தைக்கிற கத்தரிக்கோலையும் சிவப்புக் காரில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அவள் புருஷன் ஓரிகானில் இருக்கிறான். அங்கேயே இருக்கட்டும்.

வேலையோடு மருத்துவக் காப்பீடும் போயிற்று. அது போன பிறகா பித்தப்பையில் கல் வர வேண்டும்? வந்தது. ஆஸ்பத்திரிக் கடன், கிரெடிட் அட்டைக் கடன், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியது. காருக்கு மூன்று தவணை கட்டவில்லை. மார்ச் மாதம் ஒரு நல்ல காரியம் நடந்தது: லிகோனியரில் படகு இருக்கை தைக்கும் இடத்தில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். லிகோனியருக்கு இங்கிருந்து பஸ் கிடையாது. என் பழைய பிக்கப் வண்டியின் இன்ஜினைப் பிரித்து கராஜ் முழுக்கப் பரப்பி வைத்திருந்தேன். அந்தக் கார் போனால் வேலையும் போகும். அவ்வளவுதான் விஷயம்.

திவால் மனு கொடுக்கலாமா என்று அவள் முதலில் கேட்டபோது நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டேன். நம் வீட்டில் மஞ்சள் கடுதாசியா, உன் தாத்தா கடன்பட்ட விதைச் சோளத்துக்கு ஏழு வருடம் உழைத்துக் கட்டினார் என்று ஆரம்பித்தேன். அவள் முழுதாகக் கேட்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"எங்க ஆலை முதலாளியும் திவால்தான் குடுத்தாரு. அவருக்கு என்ன மூக்கா அறுந்துபோச்சு? ஃப்ளோரிடாவுல மீன் பிடிச்சு, மீனைத் தூக்கிக் காட்டி ஃபோட்டோ போட்டிருக்காருப்பா. எனக்குத் தர வேண்டிய லீவு சம்பளம் என்னாச்சுன்னு கேட்டா, வந்தா சொல்றோம்னு கடுதாசி வருது. அவரு குடுத்தா வியாபாரம், நான் குடுத்தா மானக்கேடா?"

தட்டை மறுபடி என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

வக்கீலைப் பார்க்க நானும் கூடப் போனேன். தனியாகப் போனால் இவளை ஏமாற்றிவிடுவார்கள். வக்கீல் பெயர் ப்ரூபேக்கர். குள்ளமான பெண்மணி, மேஜைமேல் வாத்துப் பொம்மைகள். ஃபீஸை முன்னாலேயே வைக்கச் சொன்னாள். ஏன் என்று கேட்டேன். திவாலானவரிடம் பின்னால் வாங்க முடியாது என்றாள். அதைக் கேட்டதும் இவள் விவரம் தெரிந்தவள் என்று கொஞ்சம் பிடித்துப்போயிற்று.

அவள் சொன்னது இதுதான். மனு கோர்ட்டில் ஏறிய நிமிடத்திலிருந்து கடன்காரன் எவனும் கைவைக்க முடியாது. ஆஸ்பத்திரி, அட்டைக் கடன் எல்லாம் கழன்றுவிடும். அந்தச் சுமை இறங்கினால் கார் தவணையை லுவான் ஒழுங்காகக் கட்டலாம். விட்டுப்போன தவணைகளுக்குக் கடன் கொடுத்தவர்களிடம் பேசிக்கொள்ளலாம். கட்டுகிறவரை கார் அவளிடமே இருக்கும். ஆனால் மனு ஏறுவதற்கு முன்னால் காரைத் தூக்கிவிட்டால் திரும்ப வாங்குவது பெரும்பாடு, திங்கட்கிழமைக்குள் நடக்காது.

காகிதத்தில் எல்லாம் கையெழுத்தாயிற்று. ஒன்று மட்டும் பாக்கி. மனு போடுகிறவர்கள் அதற்கு முன் ஒரு வகுப்பு படித்துச் சான்றிதழ் வாங்க வேண்டுமாம். காசு இல்லாதவளுக்குக் காசை எப்படிச் செலவு செய்வது என்று பாடம். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரிலும் போனிலும் படித்துவிடலாம். லுவான் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தாள். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் தன் கதையைச் சொல்ல அவளுக்குக் கூச்சம். வெள்ளிக்கிழமை காலை கட்டாயம் உட்காருவதாகச் சொல்லியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலைதான் அவன் வந்தான்.

நான் செய்தித்தாள் எடுக்க வெளியே வந்தேன். இரவு உடுப்பு, அதன்மேல் கோட்டு, ரப்பர் பூட்ஸ். இழுவை லாரி ஒன்று விளக்கை அணைத்துக்கொண்டு பின்பக்கமாக எங்கள் வாசலை நோக்கி ஊர்ந்து வந்தது. விளக்கை அணைத்துக்கொண்டு வருகிறவன் நல்ல காரியத்துக்கு வருவதில்லை. செய்தித்தாளைப் போட்டுவிட்டு ஓடினேன். ஓட்டம் என்று நான் சொல்கிறேன். எதிர்வீட்டு வில்மா வேறு சொல் சொல்லுவாள். கார்க் கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே ஏறி உட்கார்ந்து எல்லாப் பூட்டையும் அமுக்கினேன்.

லாரியிலிருந்து ஆறடிக்கு மேல் ஒரு வாலிபன் இறங்கி வந்தான். கண்ணாடியை மரியாதையாகத் தட்டினான். சாவி வீட்டுக்குள் இருந்ததால் கண்ணாடியை இறக்க முடியாது, முடிந்தாலும் இறக்கியிருக்க மாட்டேன். மூடிய கண்ணாடி வழியாகவே பேசினோம். பெயர் மெர்வின் யோடர் என்றான். எங்கள் பக்கத்தில் யோடர் என்றால், காரைத் தொடாமல் குதிரை வண்டியிலேயே போகிற பழைய மதக் கூட்டத்துப் பெயர்.

"யோடரா? உங்க தாத்தா குதிரை வண்டியில போறவராச்சே."

"இப்பவும் அதுலதான் போறாரு, பெரியவரே. அந்தக் குதிரைக்குத் தவணை கிடையாது."

வாய் இருக்கிறது பையனுக்கு. காரை எடுக்கக் கூடாது, நான் ஒப்புக்கொள்ளவில்லை என்று சத்தமாகச் சொன்னேன். ப்ரூபேக்கர் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தாள். அவன் தலையை ஆட்டினான். நீங்கள் உள்ளே இருக்கிறவரை தொட மாட்டேன், ஆனால் ரோடு எல்லாருக்கும் பொது, நான் ரோட்டில் நிற்பேன் என்றான். சொன்னபடியே லாரியை எங்கள் வாசலுக்குக் குறுக்கே நிறுத்தினான். கார் வெளியே போக வழியில்லை. கராஜுக்குள் விடலாம் என்றால் அங்கே என் இன்ஜின். நான் இறங்க வேண்டியதுதான் பாக்கி, அதற்காகக் காத்திருந்தான்.

குளிர் பூட்ஸ் வழியாக மேலே ஏறியது. சற்று நேரத்தில் அவன் ஆவி பறக்கிற காப்பிக் கோப்பையோடு வந்தான். கதவைக் கொஞ்சம் திறந்தால் கொடுக்கிறேன் என்று சைகை காட்டினான். எனக்குக் காப்பி என்றால் உயிர். ஆனால் என் வயதில் காப்பி உள்ளே போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அவன் தாத்தாவுக்கும் என் வயதுதானே. வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவன் சிரித்துக்கொண்டே தானே குடித்தான். ஆளைப் பார்த்தால் சாது, ஆனால் முழுக் கள்ளன்.

லுவான் அப்போதுதான் வெளியே வந்தாள். லாரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். வில்மா திரைச்சீலையை முழுதாகவே விலக்கிவிட்டு நின்றாள். பள்ளிக்கூட பஸ்ஸுக்குக் காத்திருந்த பிள்ளைகள் இந்தப் பக்கமே திரும்பியிருந்தார்கள். லுவான் உள்ளே போய்ச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தாள். யோடரைப் பார்த்து நடந்தாள்.

நான் கண்ணாடியைக் குத்தினேன். அவள் நின்றாள்.

"விடுங்கப்பா. எடுத்துட்டுப் போகட்டும். ஊரே வேடிக்கை பார்க்குது."

"திங்கக்கிழமை எதுல போவ? என் முதுகுலயா?"

"வேற வேலை தேடிக்கிறேன்."

"அதுக்கும் கார் வேணும். ஊரு பாக்கட்டும், நான்தானே ராத்திரி உடுப்போட உக்காந்திருக்கேன், என்னைத்தான் பாக்குது. நீ உள்ள போயிப் பாடம் படி."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்தால் சிரிப்பு. அப்போதுதான் கவனித்தேன், என் இரவு உடுப்பில் வாத்துப் படம் போட்டிருந்தது. போன கிறிஸ்துமஸுக்கு அவளே வாங்கிக் கொடுத்தது. சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். சாவியை என்னிடம் கொடுத்திருந்தால் ஹீட்டராவது போட்டிருப்பேன். ஆனால் வாங்கக் கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் ஒரு பூட்ஸ் கால் உள்ளே வரும். குளிரே மேல்.

சமையலறை ஜன்னல் காருக்கு நேர் எதிரே. அவள் கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பாதிப் பாடத்தை அவளாகவே படிக்க வேண்டும், பிறகு ஒருத்தி போனில் கேள்வி கேட்பாளாம். வெளியே போய்க் காப்பி குடிப்பதைக் குறைக்கலாமே என்று யோசனையும் சொல்வாளாம். இருப்பதிலேயே கஷ்டமான கேள்விகளை லுவான் ஜன்னலைத் தூக்கி என்னிடம் கத்திக் கேட்டாள். வீட்டுக் கணக்கு எனக்குத்தானே தெரியும்.

"அப்பா, பொழுதுபோக்குக்கு மாசம் எவ்வளவு ஆகுதுன்னு கேக்குறாங்க."

"இந்த மாசம் ஓசின்னு சொல்லு."

லாரியின் பின்பக்கத்தில் உட்கார்ந்திருந்த யோடர் அதைக் கேட்டு உதட்டைக் கடித்துக்கொண்டான். பிறகு கார் பக்கம் வந்து, அது என்ன பாடம் என்று விசாரித்தான். சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவன் முகம் மாறியது. மனு ஏறப் போகிறது என்றால் அவனுக்கு இன்றைய கூலி இல்லை. அவன் தன் ஆபீசைக் கூப்பிட்டுப் பேசினான். பிறகு காரைச் சுற்றி நடந்தான். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தான். நான் ஹாரனை அமுக்கினேன். சாவி இல்லாமலே அந்தக் காரில் ஹாரன் அடிக்கும். தெரு முழுக்க நாய்கள் குரைத்தன. அவன் நிமிர்ந்து, ஷூ லேஸைக் காட்டினான். கட்டுகிறானாம். கட்டட்டும், லாரிக்குப் பக்கத்தில் போய்க் கட்டட்டும் என்று சொன்னேன்.

என்னுடைய பெரிய கஷ்டம் குளிரும் இல்லை, யோடரும் இல்லை. காப்பி குடிக்காமலே வேளை வந்துவிட்டது. காலை மாற்றிப் போட்டேன். கூடைப்பந்து ஆட்டங்களை நினைத்தேன். கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டுவது கண்ணில் பட்டதும் பார்வையை மாற்றிக்கொண்டேன். யோடர் இதைக் கண்டுபிடித்துவிட்டான். கையில் தண்ணீர்ப் பாட்டிலோடு வந்து, என் கண்ணெதிரே மெதுவாக, ஒல்லியாக, தரையில் ஊற்றினான். இப்படி ஒரு துரோகத்தை நான் ஆயுளில் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஒரே சர்ச் பாட்டைப் பாடினேன். ஒன்றரை அடிதான் தெரியும். அதையே திரும்பத் திரும்பப் பாடினேன்.

பாட்டுக்கு நடுவே வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. லுவான் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். உள்ளங்கையில் பேனாவால் எண் எழுதியிருந்தாள். சான்றிதழ் வந்து, ப்ரூபேக்கர் மனுவை ஏற்றிவிட்டாள். அது வழக்கு எண். அந்தக் கையை யோடர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

அவன் எண்ணை ஆபீசுக்குப் படித்துக் காட்டினான். காத்திருந்தான். லுவான் ஈரத் தரையில் கால் மாற்றி மாற்றி நின்றாள். நான் உள்ளே அதையே உட்கார்ந்தபடி செய்துகொண்டிருந்தேன். கடைசியில் அவன் போனை மடக்கினான்.

"சரிதான். விடச் சொல்லிட்டாங்க. இனிமே இதைத் தொட்டா எனக்குத்தான் கோர்ட்டு. எறங்குங்க பெரியவரே, போதும்."

"நீ முதல்ல போ."

"அட, இன்னுமா நம்பிக்கை இல்ல?"

"இல்ல."

அவன் சிரித்தான். லுவானிடம் தொப்பியைத் தொட்டுவிட்டு லாரியில் ஏறினான். அது தெருமுனை திரும்பி, சத்தம் தேய்ந்து, மெயின் ரோட்டில் கலந்ததைக் காதால் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் பூட்டைத் திறந்தேன். முழங்கால் நீளவில்லை. லுவான் அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். வீட்டுக்குள் நான் போன வேகத்தைப் பற்றி வில்மா என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்.

குளியலறையில் நிம்மதியாக நின்றுகொண்டிருக்கும்போது வெளியே கார் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. சுற்றிக்கொண்டு வந்துவிட்டான் கள்ளன் என்று நினைத்தேன். பாதி பட்டன் போட்டபடி வாசலுக்குப் பாய்ந்தேன்.

ஸ்டியரிங்கில் லுவான். ஷூ போட்டிருந்தாள், தலை வாரியிருந்தாள். கண்ணாடியை இறக்கினாள்.

"லிகோனியருக்கு ஒரு தடவை போயிட்டு வரலாம்னு. எந்தத் திருப்பத்துல திரும்பணும்னு திங்கக்கிழமை இருட்டுல தேட முடியாது. நீங்களும் வாங்க."

இன்றைக்கு இந்தக் காரில் உட்கார்ந்தது போதாதா என்று கேட்டேன். ஹீட்டர் போட்டிருக்கிறேன் என்றாள். உடுப்பு மாற்ற வேண்டும் என்றேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்றாள்.

ஏறி உட்கார்ந்தேன். இந்தத் தடவை பக்கத்து இருக்கையில். ஊர் எல்லை தாண்டியதும் அவள் வேகம் பிடித்தாள். மெதுவாகப் போ, தவணை பாக்கி இருக்கிறது என்றேன். அவள் இன்னும் கொஞ்சம் வேகமாகப் போனாள்.