கொதி அடங்கிய பானை

பானையின் சத்தம் நின்றுவிட்டது. ரூயிங் கையில் வெந்நீர்க் குடுவையோடு அடுப்பருகே நின்றிருந்தாள். ஊற்றிய தண்ணீரிலிருந்து ஆவியே எழவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குடுவையில் இருந்த மிச்சத்தை உள்ளங்கையில் விட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்புகூட இல்லை. காலையில் கொதிக்கவைத்து நிரப்பிய சிவப்புக் குடுவை ஜன்னலடியில் அப்படியே இருந்தது. அவள் எடுத்தது பச்சைக் குடுவை, நேற்றைய தண்ணீர்.

வேறு எதுவாவது வெந்துகொண்டிருந்தால் போனால் போகிறது என்று விட்டிருப்பாள். பானைக்குள் ஆட்டுக்காலோடு கிடந்தது நாபிக் கிழங்கு. சரியாக வெந்தால் மருந்து, வேகாவிட்டால் ஆளையே சாய்த்துவிடும் விஷம். குளிர்காலம் பிறக்கும் நாளில் அந்த மலையூரில் இதைத் தின்னாத வீடு கிடையாது. இன்று இந்தச் சூட்டை உடம்பில் ஏற்றிக்கொண்டால் பனி முடியும்வரை மூட்டு வலிக்காது, நெஞ்சில் சளி கட்டாது. ஆனால் விடியுமுன் ஏற்றிய பானை சாயங்காலம்வரை ஒரு கணமும் கொதி அடங்கக்கூடாது. தண்ணீர் வற்றினால் கொதிக்கிற தண்ணீரைத்தான் விட வேண்டும். ஆறின தண்ணீர் பட்டால் விஷம் கிழங்குக்குள்ளேயே தங்கிவிடும், அப்புறம் எவ்வளவு வேகவைத்தும் பிரயோசனமில்லை என்பார்கள். போன வருஷம் கீழ்த்தெருவில் ஒரு வீட்டிலிருந்து மூன்று பேரை ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போனதை ரூயிங்கே கண்ணால் பார்த்திருக்கிறாள்.

"என்ன ரூயிங், சத்தமே காணோம்?" முற்றத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த மாமியார் மேயின் கேட்டாள்.

"கொதிக்குதும்மா. மூடியை நகர்த்தி வச்சேன், அதான்."

பொய் எவ்வளவு சுளுவாக வந்துவிட்டது பாருங்கள். ஓடிப்போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல விடவில்லை மாமனார் துவானின் வாய். அவர் கை நீட்டுகிற மனிதர் இல்லை. அடித்தாலும் தேவலை! கல்யாணமான புதிதில் அவள் ஒரு நாள் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாள். அதைத் தேநீர்க்கடையில் உட்கார்ந்து ஊருக்கே ஒலிபரப்பினார். சந்தையில் மிளகாய் விற்கிறவன்கூட, "உப்பு மருமகளா வர்றது?" என்று பல்லை இளித்தான். இந்தக் கிழங்கையோ மனிதர் மலைச்சந்தைக்குப் போய் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வந்து, தன் கையாலேயே தேய்த்துக் கழுவி ஊறவைத்திருந்தார். சந்தைக்குப் போகிற நேரத்துக்கு மட்டும் பார்த்துக்கொள் என்று அவளிடம் விட்டுப்போனார். அதைக் கொட்டிவிடுங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

கரியைக் கிளறி, விசிறியை எடுத்துப் பேய் பிடித்தவள் போல விசிறினாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் கொதி திரும்ப வந்தது. வந்துவிட்டதே, இன்னும் பொழுது இருக்கிறதே, ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சாயங்காலம் அவள் கணவன் லின்ஷான் வால்நட் மூட்டைகளை இறக்கிவிட்டு வேனோடு வீடு வந்து சேர்ந்தான். துவான் ஜன்னல்களைத் தானே இழுத்துச் சாத்தினார்.

"இன்னிக்கு ஒருத்தரும் பச்சத் தண்ணி குடிக்கக்கூடாது, வெளில போய் காத்துல நிக்கக்கூடாது. முதல் வாய் என்னோடது. உதடு மரத்தா விஷம் போகலன்னு அர்த்தம். ஊதுவத்தி அணையற வரைக்கும் எவனும் கிண்ணத்தத் தொடாதீங்க."

ஒரு துண்டுக் கிழங்கை மென்று, மேலே ஒரு மடக்கு ரசத்தைக் குடித்தார். ஊதுவத்தியைக் கொளுத்தி மேசை நடுவில் நிறுத்தினார். லின்ஷான் பசி தாங்காமல் மூன்று கரண்டி வாரித் தன் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு காத்திருந்தான்.

"என்ன உப்பு மகாராணி, மொகம் வெளிறிப் போயிருக்கு?" என்றார் துவான். "பானைக்குக் காவல் இருந்ததுக்கே காய்ச்சலா? லின்ஷான், இவ இன்னும் ஒரு வாரத்துக்குப் படுத்துக்குவா, நீயே சமைச்சுக்க."

லின்ஷான் சிரித்தான். மேயின் சிரிக்கவில்லை. ரூயிங் குனிந்துகொண்டாள். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. வத்தி அணையட்டும், ஒன்றும் ஆகாவிட்டால் சொல்லவே வேண்டாமே என்று இன்னொரு பக்கம் இழுத்தது. அவள் அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறெங்கும் பார்க்கப் பயமாக இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரனின் கோவேறு கழுதை அவன் மாமியாரை உதைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்த துவான் பாதியில் நின்றார். கீழுதட்டை நாக்கால் தடவினார். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். கண் ஒரு கணம் பானைப் பக்கம் போய்த் திரும்பியது. ஊதுவத்தியில் பாதிகூட எரிந்திருக்கவில்லை.

"சரி, ஒண்ணும் ஆகல," என்றார். "சாப்பிடுங்க."

லின்ஷான் கிண்ணத்தைத் தூக்கி வாயருகே கொண்டுபோனான். ரூயிங்கின் கை எப்படிப் போயிற்றென்று அவளுக்கே தெரியாது. ஓங்கி ஒரே தட்டு. சுடச்சுட அத்தனையும் அவன் மடியில் கொட்டியது.

"பைத்தியமா உனக்கு?"

"ஆறின தண்ணி ஊத்திட்டேன். மத்தியானமே. கொதி நின்னுபோச்சு. தொடாதீங்க, யாரும் தொடாதீங்க."

துவான் வாயைத் திறந்தார். வரப்போகிற பேச்சுக்கு ரூயிங் கண்ணை மூடிக்கொண்டாள். பேச்சு வரவில்லை. "நா... நாக்..." என்று ஏதோ குழறியது, கடைவாயில் எச்சில் வழிந்தது. எழுந்திருக்கப் பார்த்தார். கால் நிற்காமல் மேசையோடு சரிந்தார்.

வேனின் பின்பக்கம் மேயின் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ரூயிங் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லிட்டு வேர்த்துக் கிடந்தது. மணிக்கட்டில் நாடி தடதடவென்று ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். நிற்கும்போதெல்லாம் அவள் மூச்சும் சேர்ந்து நின்றது. மலைப்பாதை வளைந்து வளைந்து போனதே தவிர, டவுன் வந்தபாடில்லை. அவர் வாந்தி எடுத்தார், பிறகு கண்கள் செருகின.

"செத்துராதீங்கப்பா," என்று ரூயிங் அழுதாள். "தேநீர்க்கடையில போய் ஒக்காந்து வருஷம் பூரா சொல்லுங்க. ஊருக்கே சொல்லுங்க. செத்து மட்டும் போயிராதீங்க."

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருத்தி அவரைப் பார்த்ததுமே கேட்டாள், "நாபியா? எத்தன பேரு சாப்பிட்டீங்க?"

"இவர் மட்டுந்தான். ஒரு வாய்," என்றான் லின்ஷான்.

"ஒரு வாய்க்கே இப்படின்னா..." என்று முணுமுணுத்தபடி அவள் தள்ளுவண்டியோடு உள்ளே ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது. லின்ஷான் சீட்டுப் போடப் போனான். பெஞ்சில் மாமியாரும் மருமகளும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எனக்குத் தெரியும்," என்றாள் மேயின்.

ரூயிங் திரும்பிப் பார்த்தாள்.

"வருஷா வருஷம் கேக்கற சத்தம். நின்னா தெரியாதா எனக்கு? நீ பொய் சொல்றேன்னும் தெரியும்."

"அப்ப ஏம்மா சும்மா இருந்தீங்க?"

"சொன்னா உன்னை என்ன பேச்சுப் பேசுவாரு? நான் வாங்கினதெல்லாம் ஞாபகம் வந்துச்சு. கொதிதான் திரும்ப வந்துருச்சே, ஒண்ணும் ஆகாதுன்னு இருந்துட்டேன்."

தான் அடுப்படியில் தனக்குச் சொல்லிக்கொண்ட அதே வார்த்தைகள். ரூயிங்குக்கு உடம்பெல்லாம் குளிர் ஏறியது. அவள் கிண்ணத்தைத் தட்டியிருக்காவிட்டால் இந்த அம்மாளும் பேசாமலே உட்கார்ந்திருப்பாளா?

வெகுநேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தாள். இதயம் ஒரு நிலைக்கு வந்துவிட்டது, இருந்தாலும் காலைவரை பார்க்க வேண்டும் என்றாள். மூவரும் உள்ளே போனார்கள். நெஞ்சில் ஒயர்களோடு துவான் விழித்துக்கொண்டு கிடந்தார். அவர் கண் மகனை விட்டு நகரவே இல்லை. லின்ஷான் குனிந்து அவர் தோளில் கை வைத்தான்.

"நாந்தாம்பா ஊத்தினேன்," என்றாள் ரூயிங். "என்னைத் திட்டுங்க."

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. மேயின் கட்டிலை ஒட்டி வந்து நின்றாள். அந்த வீட்டில் அவளிடமிருந்து யாரும் கேட்டிராத குரலில் கேட்டாள்.

"உதடு மரத்தது உங்களுக்குத் தெரிஞ்சுதுல்ல?"

துவான் கூரையைப் பார்த்தார்.

"தெரிஞ்சுதானே சாப்பிடச் சொன்னீங்க?"

மரத்த நாக்கைப் புரட்டிப் புரட்டி அவர் எதையோ சொல்ல முயன்றார். முதல் இரண்டு தடவை ஒன்றும் விளங்கவில்லை. மூன்றாவது தடவை எல்லோருக்கும் விளங்கியது.

"எம் பானை... கெட்டுப்போச்சுன்னு... எப்படிச் சொல்றது?"

லின்ஷான் அவர் தோளில் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டான்.