கடைசி வரிசை

காப்பி காயப்போடும் களத்தில் வண்டி நின்றது. மாதேஷ் பின்கதவைத் திறந்து தலையை உள்ளே நுழைத்து மூச்சை இழுத்துப் பார்த்தான். சேற்று வாசம் இல்லை. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எவ்வளவு கழுவினாலும் மிதியடிக்குக் கீழே வாசம் தங்கிவிடும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தான். மிதியடியைத் தூக்கி, விரலால் தேய்த்து மோந்தான். புது ரப்பர் வாசம். மூன்று வருடம் ஓடிய வண்டியில் அது இருக்கக் கூடாது.

கடைசி வரிசை இருக்கைகளில் கம்பெனி போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. முன்னால் இல்லை. நடு வரிசையிலும் இல்லை. பின்னால் மட்டும். கை வைத்தபோது மொரமொரத்தது. ஒரே வண்டியில் ஒரு வரிசை மட்டும் எப்படிப் புதிதாக இருக்கும்? பின்னால் யாரோ இடித்திருக்க வேண்டும். இருக்கையை மாற்றியிருக்க வேண்டும். குனிந்து பம்பருக்கு அடியில் பெயின்ட் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்தான். மாறவில்லை. வேலையை நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

"என்ன மாப்ள, வண்டிக்கு சளி புடிச்சிருக்குதா? மோந்து மோந்து பாக்கறீங்க."

காப்பி டம்ளரோடு வந்து நின்றார் சிவக்குமார். மாதேஷின் மனைவி சுஜாதாவுக்கு அண்ணன். சேலத்தில் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. வண்டி அவருடையது.

"சும்மா பாத்தனுங்க மச்சான்."

"பாருங்க, பாருங்க. பல்லப் புடிச்சுப் பாக்காம எவன் மாடு வாங்குவான்?"

அவர் சிரித்தார். விற்க வந்தவன் சிரிக்கிறான் என்றால் வாங்குகிறவன் இன்னொரு முறை பார்க்க வேண்டும். மாதேஷ் இன்னொரு முறை பம்பரைப் பார்த்தான்.

சுஜாதாவுக்கு ஏழாம் மாதம். ஸ்கேன் எடுத்த டாக்டர் உள்ளே இரண்டு என்று சொல்லிவிட்டார். இனி வாரம் ஒரு முறை சேலம் போக வேண்டும், குலுங்கக் கூடாது என்றும் சொன்னார். எட்டு வருடத்துக்கு முன்னால் மகள் கவியா பிறந்தபோது ஜீப் பாதி மலையில் நின்றுபோனது. மழை. எதிரே வந்த பால் வண்டியைத் திருப்பி அதில் ஏற்றிப் போனார்கள். கவியா அந்தப் பால் கேன்களுக்கு நடுவில்தான் பிறந்தாள். சுஜாதா அதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை. ஸ்கேனுக்குப் போய்விட்டு வந்த அன்று மட்டும், "அந்த ஜீப்புல நான் ஏற மாட்டனுங்க" என்றாள். டீசல் புகை பட்டாலே அவளுக்கு இப்போது குமட்டியது. மாதேஷ் ஜீப்பைத் தோட்டத்துக்குக் கீழே, அவள் கண்ணுக்குப் படாத இடத்தில் நிறுத்த ஆரம்பித்தான்.

வண்டி வாங்கும் பணத்துக்காக ரோட்டோரத்து அரை ஏக்கர், மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களோடு ரிசார்ட்காரனுக்குப் போனது. அப்பா சித்தன் பத்திரத்தில் கைநாட்டு வைத்துவிட்டு மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை. நிலம் விற்ற சேதி சொந்தத்துக்குள் பரவிய அதே வாரத்தில்தான் சிவக்குமார் போன் செய்தார். நம்ம வண்டிய எடுத்துக்குங்க மாப்ள, பெட்ரோலும் கரண்டும் கலந்து ஓடறது, புகை இல்ல, சத்தம் இல்ல, ஏழு பேர் உக்காரலாம், இறக்கத்துல தன்னால சார்ஜ் ஏத்திக்கும், மலைக்குன்னே செஞ்ச மாதிரி என்றார். விலையும் குறைத்தே சொன்னார்.

அதே வாரம். குறைந்த விலை. மாதேஷ் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். இறங்குகிறவனுக்குக் கூலி கொடுக்கிற மலை எங்கே இருக்கிறது? எஸ்டேட் ரைட்டரிடம் கேட்டதற்கு, இந்த மாதிரி வண்டிக்கு உசிரே பேட்டரிதான், அது போச்சுன்னா வண்டிய ஊட்டு முன்னால நிறுத்தி கோழி அடைக்கலாம் என்றார்.

அதனால் அவன் ஒரு சோதனை வைத்திருந்தான். ஊர் கொட்டச்சேட்டிலிருந்து அடிவாரத்துக் குப்பனூர் வரை முழுக்க இறக்கம். கிளம்பும்போது திரையில் பேட்டரி எத்தனை கட்டம், இறங்கியதும் எத்தனை கட்டம். அவ்வளவுதான். பேட்டரிக்குப் பேசத் தெரியாது, ஆனால் பொய் சொல்லவும் தெரியாது.

பத்து மணிக்குக் கிளம்பினார்கள். மாதேஷ் ஓட்டினான். பக்கத்தில் சிவக்குமார். நடுவில் சுஜாதாவும் கவியாவும். திரையில் பேட்டரி படம் ஐந்து கட்டம் காட்டியது. பொத்தானை அழுத்தியதும் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. வேறு எதுவும் நடக்கவில்லை.

"ஸ்டார்ட் ஆகலீங்களே."

"ஆயிருச்சு மாப்ள. மிதிங்க."

வண்டி நகர்ந்தது. சத்தமில்லாமல் நகரும் ஒன்றை மாதேஷுக்குப் பிடிக்கவில்லை. ஜீப்புக்கு உடம்பு சரியில்லை என்றால் அது சொல்லும். இருமும், உதறும், ஏற்றத்தில் திட்டும். இது எதையோ மனதில் வைத்துக்கொண்டு வருகிற மாதிரி வந்தது.

ஊர் முடிந்து முதல் வளைவு வந்தது. பதினெட்டு வருடமாக அந்த வளைவில் செய்வதை அவன் இடது கை செய்தது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளியது. இந்த மலையில் ஜீப் ஓட்டும் எல்லோருடைய கையும் அந்த இடத்தில் அதைத்தான் செய்யும். இறக்கத்தில் எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றுகிறவனைக் கையாலாகாதவன் என்பார்கள். பிரேக்கும் ஸ்டியரிங்கும் போதும். தப்பு என்று போலீஸ்காரர் சொல்வார், அவரும் ஜீப்பை அப்படித்தான் இறக்குவார்.

சிவக்குமார் கியரை ஒரு முறை பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வண்டி குலுங்கவில்லை. கண்ணாடியில் சுஜாதா தெரிந்தாள். தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். இரண்டு மாதமாக அவள் முகம் அவ்வளவு அமைதியாக இருந்து அவன் பார்க்கவில்லை. அதைப் பார்த்ததும் அவனுக்கு இன்னும் பயம் வந்தது. பிடித்துப்போகிற பொருளில்தான் ஏமாறுவோம்.

குப்பனூரில் டீக்கடை முன்னால் நிறுத்தினான். திரையைப் பார்த்தான். மூன்று கட்டம். இறங்கியபோது சக்கரத்திலிருந்து தீய்ந்த வாசம் வந்தது.

எல்லோரும் இறங்கி டீ சொல்லும்வரை பொறுத்தான்.

"ஏறலீங்களே மச்சான்."

"எது மாப்ள?"

"சார்ஜு. அஞ்சுல கெளம்பனோம். மூணுல நிக்குது. பிரேக் வேற தீயுது."

சிவக்குமார் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, ஊட்டுல போய் பேசிக்கலாம்" என்றாள் சுஜாதா.

"ஊட்டுல போய் என்ன பேசறது? பேட்டரி செத்துப்போச்சுன்னு தெரிஞ்சுதான் உங்கண்ணன் மலைமேல தள்ளிவிட வந்திருக்கறாரு. மலைக்காரனுக்கு என்ன தெரியப்போவுதுன்னு. பின்னாடி அடி வாங்கி சீட்டு மாத்துனதக் கூட வாயத் தொறந்து சொல்லல."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவரின் கை ஒரு கணம் மேலேயே நின்றது.

"சீட்டு மாத்தலீங்க மாப்ள" என்றார் சிவக்குமார்.

"அப்பறம் எப்புடி புதுசா இருக்குது?"

"யாரும் உக்காரல."

"மூணு வருசமாவா?"

"உக்கார ஆளு இல்லீங்களே."

டீ எத்தனை என்று சொல்கிற குரலில்தான் சொன்னார். சிவக்குமாருக்கும் தீபிகாவுக்கும் கல்யாணமாகிப் பதினோரு வருடம். மூன்று வருடத்துக்கு முன்னால் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு மாதம் இரண்டு முறை போய்க்கொண்டிருந்தார்கள். அந்த முறை கரு தங்கிவிடும் என்று டாக்டர் சொன்ன வாரத்தில்தான் சிவக்குமார் வண்டிக்கு முன்பணம் கட்டினார். இதெல்லாம் மாதேஷுக்குத் தெரியும். தெரிந்த விஷயமும் பிளாஸ்டிக் உறையும் அவன் தலைக்குள் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

சுஜாதா வயிற்றின் மேல் வைத்திருந்த கையை எடுத்துப் பெஞ்சில் ஊன்றிக்கொண்டாள்.

மாதேஷ் டீயைக் குடித்தான். இனித்தது. இருக்கை சரி என்று நினைத்தான். கட்டம்? பிள்ளை இல்லாததற்கும் சார்ஜ் ஏறாததற்கும் என்ன சம்பந்தம்? நினைத்ததும் தன் மேலேயே அருவருப்பு வந்தது. ஆனாலும் நினைப்பு போகவில்லை.

திரும்பும்போது சிவக்குமார் ஓட்டினார். ஏற்றத்தில் எஞ்சின் எழுந்து வேலை செய்தது. பாதி மலையில் ஒரு ஓடைப் பாலம். அதற்கு முன்னால் ரோடு கொஞ்ச தூரம் கீழே இறங்கி, பாலம் தாண்டி மறுபடி ஏறும். இறக்கத்தில் சிவக்குமார் காலை எடுத்தார். திரையில் சக்கரத்திலிருந்து பேட்டரிக்குப் பச்சை அம்புகள் ஓடின.

"அப்பா, அங்க பாருங்க, அம்பு திரும்பி வருது" என்றாள் கவியா. "காலையில மாமா என்னைய ஏற்காடு கூட்டிட்டுப் போனப்பவும் வந்துச்சு. நீங்க ஓட்டுனா வர மாட்டேங்குது. உங்களக் கண்டா அதுக்குப் பயம்."

"சும்மா இரு கண்ணு" என்றாள் சுஜாதா.

மாதேஷ் திரையைப் பார்க்கவில்லை. சிவக்குமாரின் இடது கையைப் பார்த்தான். அது தொடையின் மேல் கிடந்தது. கியரின் பக்கமே போகவில்லை. அடுத்த வளைவு வரை பார்த்துக்கொண்டே வந்தான். அவனுடைய கை மடியில் தானாக மூடிக்கொண்டது. நியூட்ரலில் தள்ளி, சார்ஜ் ஏற்றும் மோட்டாரிலிருந்து சக்கரத்தைக் கழற்றி விட்டுவிட்டு, சக்கரம் ஏன் ஒன்றும் கொண்டுவரவில்லை என்று கேட்டிருக்கிறான். மலை முழுக்க பிரேக்கை மட்டுமே மிதித்துத் தேய்த்துவிட்டு, தீய்கிறது என்றும் சொல்லியிருக்கிறான். டீக்கடையில், பத்துப் பேர் முன்னால்.

பிறகுதான் இன்னொன்று தோன்றியது. முதல் வளைவில் சிவக்குமார் கியரைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

களத்தில் வண்டி நின்றது. சுஜாதா இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, பின்கதவருகே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மாதேஷ் மச்சானைக் காப்பிச் செடிகளின் ஓரத்துக்குக் கூட்டிப் போனான்.

"நான் நியூட்ரல் போட்டத நீங்க பாத்தீங்கதானுங்களே?"

"பாத்தேன்."

"மொத வளைவுலயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

சிவக்குமார் ஒரு காப்பி இலையைப் பறித்து நீளவாக்கில் கிழித்தார்.

"வித்துறலாம்னு சொன்னது தீபிகா. ஊட்டுக்குக் கீழ வண்டி நிக்கறதப் பாத்தா அவளுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு மாதிரி ஆயிருது. நீங்க எடுத்துக்கறீங்கன்னதும் அவளுக்கு நொம்ப நிம்மதி. தங்கச்சிப் புள்ளைங்க உக்காந்து போவட்டும்னா." இலையின் மறுபாதியையும் கிழித்தார். "வேண்டாம்னு நீங்களே சொல்லிட்டா, அப்படியே போய் அவகிட்டச் சொல்லிறலாம்னு நெனச்சேன். மாப்ள வேண்டாம்னுட்டாரு, நான் என்ன பண்ணட்டும்னு."

காலையிலிருந்து இவர் எதையோ மறைக்கிறார் என்று நினைத்தது சரிதான். மூக்கை வைத்துத் தேடிய இடம் மட்டும் தப்பு.

"மன்னிச்சுக்குங்க மச்சான். டீக்கடையில நான் பேசுனது..."

"உடுங்க."

வண்டிக்குள்ளிருந்து மொரமொரவென்று சத்தம் வந்தது. கவியா கடைசி வரிசைக்கு ஏறிப் போயிருந்தாள். இருக்கையின் ஓரத்தில் பிளாஸ்டிக் மடிந்திருக்கும் இடத்தை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தாள். ஒரு விரல் உள்ளே போயிருந்தது.

"கவியா, கைய எடு சாமி" என்றாள் சுஜாதா, நாற்காலியிலிருந்து.

கவியா கையை எடுக்கவில்லை. விரலை அப்படியே வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக மாமாவைப் பார்த்தாள். சிவக்குமார் கிழிந்த இலையைக் கீழே போட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

மாதேஷ் வண்டியின் முன்பக்கம் போனான். பச்சை விளக்கை யாராவது அணைத்தார்களா என்று அவனுக்கு நினைவில்லை. ஜீப்புக்குச் செய்வது போல பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தான். சூடாக இருந்தது. ஓடிக்கொண்டிருக்கிறதா, நின்றுவிட்டதா என்று கைக்குத் தெரியவில்லை. கையை எடுக்காமல் நின்றான்.