கார்வீட்டு விதிகள்

மகள் வாங்கியிருப்பதும் பின்பக்கம் நீண்ட கார்தான். பின்சீட்டை மடக்கினால் இரண்டு பேர் கால்நீட்டிப் படுக்கலாம். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியதும் சீட்டை மடக்கச் சொன்னாள். என் இடது மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது. மாப்பிள்ளை வந்து மடக்கினார்.

"அம்மாவுக்கு வயசாயிடுச்சு," என்று சிரித்தாள். வயதால் வந்ததல்ல அது.

பிறகு தன் கணவருக்குக் கார்வீட்டு விதிகளைச் சொல்லிக்கொடுத்தாள். ஆறு வயதில் என்னோடு காரில் தங்கிய நாற்பத்தொரு நாள்தான் தன் வாழ்க்கையின் சந்தோஷமான விடுமுறை என்று கல்யாணத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னவள். வண்டியின் மூக்கு எப்போதும் வெளியேறும் வழியைப் பார்த்திருக்க வேண்டும். ஜன்னல் அளவுக்கு வெட்டிய கறுப்பு அட்டைகளை இருட்டுவதற்குள் மாட்டிவிட வேண்டும். செருப்பைக் கழற்றாமல் தூங்க வேண்டும். ஒரே இடத்தில் மூன்று நாளுக்கு மேல் கூடாது. யாராவது கண்ணாடியைத் தட்டினால் சிலையாகிவிட வேண்டும். முதலில் அசைந்தவர் தோற்றார்.

"அதுல அம்மாவ ஜெயிக்கவே முடியாது. மூச்சுகூட விடமாட்டாங்க."

ஒவ்வொரு விதியையும் நான்தான் உண்டாக்கினேன். பயத்தை என்னிடம் வைத்துக்கொண்டு விளையாட்டை மட்டும் அவளுக்குக் கொடுத்தேன். அதை இவ்வளவு நன்றாகச் செய்திருக்க வேண்டாம்.

மாப்பிள்ளைக்குக் கடை வளாகமொன்றின் கார் நிறுத்துமிடத்தில் காவல் வேலை. காரில் தூங்குபவர்களைக் கண்ணாடி தட்டி எழுப்பி அனுப்புவதும் அதில் அடக்கம். முதலிரண்டு விதிகளுக்குச் சிரித்தவர் அப்புறம் சிரிக்கவில்லை. மகள் அட்டைகளை எடுக்கப் போனபோது, பிளாஸ்கிலிருந்து எனக்குத் தேநீர் ஊற்றியபடி தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஏன் அத்தை, மூணு நாள்?"

"நாலாவது நாள் காவக்காரர் மூஞ்சிய ஞாபகம் வெச்சுக்குவார், மாப்பிள்ளை."

அவர் தன் விரல் முட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் திரும்பி வந்து பின்கண்ணாடியில் அட்டையைப் பொருத்த ஆரம்பித்தாள். "அப்ப அப்பா மட்டும்தான் இல்ல. நீ அவரக் கூப்பிடவே இல்லல்ல? பாவம், வீட்டுல தனியா இருந்தாரு." அந்தக் குறையை இன்று தீர்த்துவிட்டதாகவும் சொன்னாள். அவர் கிளம்பிவிட்டாராம். அரை மணியில் வந்துவிடுவார். எனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்றுதான் முன்பே சொல்லவில்லையாம்.

நாற்பத்திரண்டாம் நாள் ஒற்றை அறை வீடு கிடைத்ததிலிருந்து, இத்தனை வருடங்களில் அவரைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. பிறந்தநாளுக்குப் பொம்மையோடு வருபவராகவே அவர் அவளுக்குத் தெரியும். குழந்தைக்கு அப்பா வேண்டும் என்று நினைத்தேன். அதில் கொஞ்சம் என் பெருமையும் இருந்தது. இப்போது வாயைத் திறந்தால் அந்த நாற்பத்தொரு நாளும் அவள் கையிலேயே உடையும். அவளுடைய சின்ன வயதில் உடையாமல் இருப்பது அது ஒன்றுதான். திறக்காவிட்டால், மடக்கிய அந்தச் சீட்டில் அவர் வந்து உட்கார்ந்து, அவர் முறுக்கிய என் கையால் தேநீர் வாங்கிக் குடிப்பார்.

"இங்க பாரு, உனக்குத் தெரியாது," என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார். அவர் தோளைத் தொட்டு நிறுத்தினேன்.

"என்னை பஸ் ஸ்டாப்புல விட்டுடுங்க மாப்பிள்ளை."

மகள் பக்கவாட்டு ஜன்னலின் அட்டையைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"எப்பவும் நீதான்மா கெடுக்கிற. அப்பா சொல்றது சரிதான்."

"ஆமா குட்டி," என்றேன்.

மாப்பிள்ளை வண்டியைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. விதிப்படி அதன் மூக்கு வெளியே பார்க்கும்படிதான் நிறுத்தியிருந்தாள். அப்பா வரட்டும் என்று அவள் கரையிலேயே நின்றுவிட்டாள். பாதையில் ஏறியதும் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். பின்கண்ணாடியில் இடுக்கு விடாமல் அட்டை பொருத்தியிருந்தது. அவள் தெரியவில்லை.