துவைத்தால் சுருங்கும்

கொழுந்தன் பெண்டாட்டி அக்ஷராவின் ஆன்லைன் கடையைப் பார்த்தாலே தேஜஸ்ரீக்கு வயிறு எரியும். இரண்டு பேரும் விற்பது குழந்தைகளுக்கான பனியன் சட்டைதான். ஆனால் அவளுக்கு மட்டும் ஐந்து ஸ்டார். "சொன்னபடியே வந்தது" என்று ஊரெல்லாம் பாராட்டு வேறு.

அப்படி என்னத்தை எழுதிக் கிழித்துவிட்டாள் என்று ஒருநாள் உட்கார்ந்து படித்தாள்.

"படத்தில் உள்ள தொப்பி வராது. துவைத்தால் சுருங்கும், ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள்."

தன் சரக்கின் குறையைச் சொல்லியே விற்கிறாளா, சாமர்த்தியக்காரி! தேஜஸ்ரீ அதை ஒரு எழுத்து விடாமல் எடுத்துத் தன் கடைப் பக்கத்தில் போட்டாள்.

ஆர்டர் கொட்டியது. பின்னாலேயே ரிட்டர்ன் மூட்டைகளும் வாசலில் வந்து இறங்கின. எல்லோருக்கும் ஒரே புகார்: துவைத்தும் சுருங்கவில்லை, பிள்ளைக்குத் தொளதொளவென்று இருக்கிறது.

மூட்டைகளைப் பார்த்து அக்ஷரா பதறிப்போனாள். "ஏனுங்க அக்கா, உங்க துணி சுருங்கவே சுருங்காதுங்களே! அதையத்தானுங்க எழுதியிருக்கோணும்!"

தன் துணியைப் பற்றிச் சொல்ல அப்படியொரு நல்ல வார்த்தை இருந்தது தேஜஸ்ரீக்கு இத்தனை நாள் தோன்றவே இல்லை. அதுவும் அக்ஷராவுக்குத்தான் தோன்றியது என்பதில் வயிறு இன்னும் எரிந்தது.